ஸ்டெய்ன்வே தெருவில் முலோகியா

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் உள்ள அஸ்டோரியாவின் ஊடாகச் செல்கிறது ஸ்டெய்ன்வே தெரு. பியானோ கொடுத்த பெயர் அது. 1870-களில் ஸ்டெய்ன்வே குடும்பம் தன் பியானோத் தொழிற்சாலையை இங்கே கொண்டுவந்து, தொழிலாளர்களுக்கு வீடுகளும் கட்டியது. ஜெர்மானியர்களுக்குப் பிறகு கிரேக்கர்கள் வந்தார்கள். 1965-இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டு, நாட்டுவாரியான பழைய ஒதுக்கீட்டு முறை நீங்கிய பின் எகிப்தியர்கள் வரத் தொடங்கினார்கள். 28-ஆம் அவென்யூவுக்கும் அஸ்டோரியா புலவார்டுக்கும் இடைப்பட்ட துண்டைச் 'சின்ன எகிப்து' என்று நகரம் அழைக்கிறது. பள்ளிவாசல், ஹூக்கா புகையும் தேநீர்க் கடைகள், மளிகை, மீன் சமைத்துத் தரும் கடை, இவற்றுக்கு நடுவே பத்திருபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் சின்னஞ்சிறு உணவகங்கள். இந்த உணவகங்களைப் பற்றி எழுதுகிறவர்களும் இவற்றைத் தேடிப் போகிறவர்களும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது அசலா? கெய்ரோவில் கிடைப்பது போலவே இருக்கிறதா? இந்தக் கேள்வி தவறான இடத்தில் கேட்கப்படுகிறது என்பது என் எண்ணம். அசல் என்று ஒன்று இருந்தால்தானே நகலை அதனோடு ஒப்பிட முடியும்? எகிப்தின் அன்றாடச் சாப்பாடு நெடுங்காலம் உணவகத்துக்கு வெளியிலேயே வாழ்ந்தது. அதை ஒரே கூரையின் கீழ், ஒரே பட்டியலில், முன்பின் தெரியாதவருக்கும் பரிமாறும் சிறு உணவகம் பெரும்பாலும் புலம்பெயர்ந்த தெருக்களில் உருவானது.

எகிப்தில் வெளியே சாப்பிடுவது என்றால் முதலில் தெரு. அங்கே ஒரு கடைக்கு ஒரு பண்டம் என்பதுதான் வழக்கம். ஃபூல் விற்பவர் ஃபூலோடு தாமியாவையும் சேர்த்துக்கொள்வார், அதற்கு மேல் போகமாட்டார். ஃபூல் என்பது ஃபாவா என்னும் பெரிய அவரைப் பயறு. குறுகிய கழுத்துள்ள பானையில் இரவு முழுவதும் மெல்லிய சூட்டில் கிடந்து, விடியும்போது மசிந்துவிடும். முற்காலத்தில் கெய்ரோவின் பொதுக் குளியல் கூடங்களில் தண்ணீரைச் சூடாக்க எரிந்த உலைகளின் தணலிலேயே இந்தப் பானைகளைப் புதைத்து வைத்தார்கள். ஊர் குளிக்க எரித்த நெருப்பே ஊரின் காலை உணவையும் வேகவைத்தது. தாமியாவும் அதே ஃபாவாவை ஊறவைத்து, கொத்தமல்லித் தழையும் பார்ஸ்லியும் சேர்த்து அரைத்துப் பொரிப்பது. உள்ளே பச்சை நிறமாக இருக்கும். கொண்டைக்கடலையில் செய்யும் ஃபலாஃபெலை மட்டும் அறிந்தவர்கள் அதைப் பிட்டுப் பார்த்தால் வியப்படைவார்கள். கோஷாரிக் கடை இன்னொரு உலகம். சோறு, தோல் நீக்காத மைசூர்ப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, தக்காளிக் குழம்பு, மேலே கருகப் பொரித்த வெங்காயம், பூண்டும் வினிகரும் சீரகமும் கலந்த 'தக்கா', காரத்துக்கு 'ஷத்தா'. இந்தக் கடையில் வாடிக்கையாளர் சொல்ல வேண்டியது அளவு மட்டுமே, ஏனெனில் விற்பனைக்கு வேறு எதுவும் இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த இப்னு பதூதா, பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்து நெய்யோடு உண்ணும் 'கிஷ்ரி'யைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கோஷாரி என்ற சொல் அந்தக் கிச்சடியின் வழிவந்தது என்பதே பரவலான கருத்து. எப்படி வந்தது, யார் கையில் வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் இந்தியப் பெயரும் இத்தாலிய மக்ரோனியும் அமெரிக்கக் கண்டத்துத் தக்காளியும் சேர்ந்த ஒரு தட்டு இன்று எகிப்தின் அடையாளமாக நிற்கிறது. அசல் என்ற சொல்லைக் கையாளும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தெருவுக்கு எதிர்முனையில் வீடு இருக்கிறது. எகிப்தியர்கள் உயிராக நேசிக்கும் சமையல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. சணல் இனத்துச் செடியின் இலையைப் பொடிப்பொடியாக நறுக்கி, கோழி அல்லது முயல் வேகவைத்த சாற்றில் இட்டுச் செய்யும் முலோகியா. அரிசியும் தழைகளும் பொதிந்து சுருட்டிய முட்டைக்கோஸ் இலை. பெஷமெல் ஊற்றிச் சுட்ட மக்ரோனி. முலோகியாவின் வரலாறு நீண்டது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாத்திமியக் கலீஃபா அல்-ஹாகிம் அதைத் தடைசெய்தார். தடை போனது, கீரை நின்றது. அதன் உயிர் கடைசி நிமிடத்தில் இருக்கிறது. நசுக்கிய பூண்டையும் கொத்தமல்லி விதைத் தூளையும் நெய்யில் சிவக்க வறுத்துக் கொதிக்கும் சட்டியில் கொட்டுவார்கள். ஏட்டு அரபியில் இதற்குத் 'தக்லியா' என்று பெயர். கெய்ரோ நாவில் நடுவிலுள்ள எழுத்து விழுந்து 'தஅலியா' ஆகிவிடும். நம் தாளிப்புக்கும் இதற்கும் ஒலியில் உள்ள ஒற்றுமை தற்செயல். வறுத்தல் என்னும் அரபி வேரிலிருந்து பிறந்த சொல் அது. செயல் மட்டும் ஏறத்தாழ ஒன்றே. தக்லியாவைக் கொட்டும் அதே கணத்தில் சமைப்பவள் மூச்சைச் சட்டென்று உள்ளிழுத்து, திடுக்கிட்டவள் போல ஓர் ஒலி எழுப்ப வேண்டும். அந்த ஒலி இல்லாவிட்டால் முலோகியா ருசிக்காது என்பது எகிப்திய வீடுகளின் நம்பிக்கை. தாய் மகளுக்குக் கொடுக்கும் சமையல் குறிப்பில் இதுவும் ஓர் அங்கம். இப்படிப்பட்ட ஒரு சாப்பாட்டைக் காசு கொடுத்து வெளியே சாப்பிட வேண்டிய தேவை பழைய கெய்ரோவாசிக்கு வரவில்லை. தன் வீட்டில் இல்லையென்றால் அத்தை வீட்டில் கிடைக்கும்.

தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த உணவகங்களோ வேறு சமையலை நம்பின. துருக்கிய மரபில் வந்த கபாபும் கோஃப்தாவும் சுட்டுத் தந்தவை ஒரு வகை. ஸ்விஸ் நாட்டுக் குடும்பம் நடத்திய க்ரோப்பியைப் போல, ஐரோப்பிய இனிப்பும் தேநீரும் தந்த கூடங்கள் இன்னொரு வகை. கடலோர அலெக்சாந்திரியாவில் மீன் உணவகங்கள் தனி. தன் அன்றாடச் சாப்பாட்டை வெளியாருக்குக் காட்டத் தகுந்த பொருளாக நடுத்தர வர்க்கம் நெடுங்காலம் கருதவில்லை. 1941-இல் நஸீரா நிக்கோலாவும் பாஹியா உஸ்மானும் எழுதி, தலைமுறைகளாக எகிப்திய மணப்பெண்களின் சீதனத்தில் இடம்பெற்ற பெரிய சமையல் நூலில் ஐரோப்பியப் பண்டங்களுக்குக் கொடுக்கப்பட்ட தாராள இடமே இதற்குச் சான்று.

இப்போது ஸ்டெய்ன்வே தெருவுக்குத் திரும்பலாம். இங்குள்ள உணவகத்தின் பட்டியலில் ஃபூலும் கோஷாரியும் முலோகியாவும் கபாபும் அலெக்சாந்திரிய மீனும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. எகிப்தில் இவை ஐந்தும் ஐந்து வேறு இடங்கள், ஐந்து வேறு நேரங்கள். ஒன்று நின்றுகொண்டே தின்னும் காலை உணவு, ஒன்று வெள்ளிக்கிழமை மதியம் குடும்பத்தோடு உண்பது, ஒன்று கோடை விடுமுறையில் கடற்கரைக்குப் போனால் மட்டுமே கிடைப்பது. அவற்றை ஒரே தாளில் எழுதியபோது, எகிப்தில் யாரும் ஒரே வேளையில் பார்த்திராத 'எகிப்திய உணவு' என்ற முழுமை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. இந்தியத் தேசிய உணவு என்ற கருத்தை நடுத்தர வர்க்கத்துச் சமையல் புத்தகங்கள் உருவாக்கிய விதத்தை மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1988-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். வட்டாரச் சமையல்கள் பக்கத்துப் பக்கத்து அத்தியாயங்களாக அமர்ந்தபோதுதான் அவற்றைத் தொகுக்கும் 'இந்திய' என்ற தலைப்புக்குப் பொருள் வந்தது. அஸ்டோரியாவில் புத்தகம் செய்த வேலையை உணவுப் பட்டியல் செய்கிறது. தொகுப்பது விட்டுவந்தவரின் வேலை என்பதற்கு இன்னும் தெளிவான சான்று கிளாடியா ரோடன். 1936-இல் கெய்ரோவில் பிறந்த யூதப் பெண்மணி அவர். 1956-இன் சூயஸ் போருக்குப் பின் எகிப்தை விட்டு வெளியேறிய உறவினர்கள் இனி எப்போது சந்திப்போம் என்று தெரியாமல் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்ட சமையல் குறிப்புகளைச் சேர்த்ததிலிருந்தே அவருடைய மத்தியக் கிழக்குச் சமையல் நூல் வளர்ந்தது. அது 1968-இல் லண்டனில் இருந்தபடி அவர் வெளியிட்ட நூல். கெய்ரோவில் தங்கியிருந்தால் எழுதிவைக்கத் தேவைப்பட்டிராத குறிப்புகள் அவை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். கெய்ரோவில் அப்படிப்பட்ட உணவகமே இல்லையா? இருக்கிறது. 1959-இல் ஆமினா ஸக்லூல் தொடங்கிய ஃபெல்ஃபெலா, தெருவில் நின்று தின்ற ஃபூலையும் தாமியாவையும் நாற்காலி போட்டு மேசையில் வைத்தது. பிற்காலத்தில் கெய்ரோவின் ஸமாலெக் பகுதியில் வந்த அபு அல்-சித் போன்ற இடங்கள் முலோகியாவைப் பழைய விளக்குகளின் வெளிச்சத்தில் பரிமாறின. ஆனால் ஃபெல்ஃபெலாவைத் தேடி வந்தவர்களில் சுற்றுலாப் பயணிகளும் வெளிநாட்டவரும் கணிசமானவர்கள். தன் உணவைத் தொகுத்துக் காட்ட வேண்டிய தேவை அங்கும் அந்நியர் முன்னிலையில்தான் எழுந்தது. வெளியாள் ஒருவர் எதிரில் உட்கார்ந்து 'உங்கள் சாப்பாடு என்ன?' என்று கேட்கும்போதுதான் பதில் ஒரு பட்டியலாகத் திரள்கிறது. கெய்ரோவின் ஒரு சில மேசைகளில் நடந்தது அஸ்டோரியாவில் ஒரு தெரு முழுக்க நடக்கிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. இதைப் படைப்பு என்று புகழ வேண்டாம், இது பிழைப்பின் நிர்ப்பந்தம் என்று சொல்வார்கள். வாடகை கட்ட வேண்டியவர் வாடிக்கையாளருக்குத் தெரிந்த பெயரைத்தான் பலகையில் எழுதுவார். அதனால்தான் லெபனானின் ஹம்முஸும் ஷவர்மாவும் முதல் வரிசையில் நிற்கின்றன. நிர்ப்பந்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மன்ஹாட்டனில் ஒரு சான்று உண்டு. 1990-இல் மூன்று எகிப்தியர்கள் 53-ஆம் தெருவும் ஆறாவது அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஹாட் டாக் வண்டி போட்டார்கள். டாக்சி ஓட்டிய முஸ்லிம்களுக்கு ஹலால் சாப்பாடு தேவைப்படுவதைக் கண்டு, சோற்றின் மேல் கோழி வைத்து வெள்ளைச் சாறு ஊற்றித் தரத் தொடங்கினார்கள். 'ஹலால் கைஸ்' என்ற பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவியது. அந்தத் தட்டில் எகிப்து என்று சுட்டிக்காட்ட ஏறக்குறைய ஒன்றுமில்லை. வங்காளி ஓட்டுநரும் செனகல்காரரும் பாகிஸ்தானியும் ஒரே வரிசையில் நின்று உண்ணத் தோதான உணவு அது, அந்த வகையில் மதிக்கத் தக்கது. வெறும் நிர்ப்பந்தம்தான் எல்லாம் என்றால் எகிப்தியர் நடத்தும் எல்லாக் கடைகளும் அந்த வண்டியைப் போல ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அதே ஸ்டெய்ன்வே தெருவில் 'அபுகீர்' என்ற மீன் உணவகத்தில் அச்சடித்த பட்டியலே கிடையாது. பனிக்கட்டி மேல் கிடக்கும் மீனை வந்தவர் தேர்ந்தெடுத்து, சுடவா பொரிக்கவா என்று சொல்ல வேண்டும். சுடச் சொன்னால் கோதுமைத் தவிட்டைப் பூசித் தோல் கரியாகும்வரை சுடுவார்கள், கரிந்த தோலுக்குள் சதை ஈரத்தோடு வெள்ளையாக இருக்கும். அலெக்சாந்திரியாவுக்குக் கிழக்கே உள்ள மீனவ ஊரின் பெயரே கடைக்கும். சில வீடுகள் தள்ளி, அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த அலி எல் சயித் 1980-களின் இறுதியில் தொடங்கிய 'கபாப் கஃபே'யில் மூளையும் கன்னத்து இறைச்சியும் கணையமும் சமைக்கப்பட்டன. அன்று என்ன இருக்கிறது என்பதைச் சமையற்காரரே மேசைக்கு வந்து சொன்னார். பெயர்ப்பலகையில் கபாப், உள்ளே அலெக்சாந்திரியா. தெரிந்த பெயரைச் சொல்லி உள்ளே அழைத்து, தெரியாததைத் தட்டில் வைக்கும் இந்த முறையில் நிர்ப்பந்தமும் விருப்பமும் பின்னிக் கிடக்கின்றன. வாடகைக்கு ஒரு பங்கு, நாக்குக்கு ஒரு பங்கு. இரண்டில் ஒன்று மட்டுமே உண்மை என்று ஏன் சொல்ல வேண்டும்?

இழப்பு இல்லை என்று நான் வாதிடவில்லை. ஒரே பண்டத்தைத் தலைமுறைகளாகச் செய்பவரின் கைப்பழக்கம், பத்துப் பண்டம் செய்பவருக்கு வாய்ப்பதில்லை. புலம்பெயர்ந்த ஃபூல் பல இடங்களில் தகர டப்பாவிலிருந்து வருகிறது, இரவெல்லாம் தணலில் கிடந்த ஃபூலின் ஆழம் அதற்கு இல்லை. முலோகியா பனியில் உறைந்த பொட்டலத்தில், ஏற்கெனவே நறுக்கப்பட்டு வருகிறது. ரொட்டி பாதிக்குப் பாதிகூட வந்து சேரவில்லை. எகிப்திய அரபியில் ரொட்டிக்கு 'ஐஷ்' என்று பெயர், வாழ்வு என்று பொருள். தவிட்டோடு கூடிய முரட்டு மாவில் சுடும் 'ஐஷ் பலதி' அங்கே சமையல் பண்டம் என்பதைவிட அரசுக்கும் மக்களுக்கும் இடையிலான உடன்படிக்கை. 1977 ஜனவரியில் அதிபர் சாதாத்தின் அரசு மானியங்களைக் குறைத்தபோது இரண்டு நாள் நாடே தெருவில் இறங்கியது, அரசு பின்வாங்கியது. 1980-களின் இறுதியிலிருந்து மானிய ரொட்டியின் விலை 5 பியாஸ்டரிலேயே நின்றது. 2024 ஜூனில்தான் அதை 20 பியாஸ்டராக உயர்த்தினார்கள். 2011 மக்கள் எழுச்சியில் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் சுதந்திரத்துக்கும் சமூக நீதிக்கும் முன்னால் கூவப்பட்ட சொல் இந்த ஐஷ்தான். அஸ்டோரியாவின் கூடையில் வரும் மென்மையான பீட்டா ரொட்டி எவ்வளவு சூடாக இருந்தாலும் அதற்குப் பின்னால் இந்த வரலாறு இல்லை. மாவையும் கல்லடுப்பையும் கப்பலில் ஏற்றலாம். ஒரு நாடு தன் அரசோடு போடும் சண்டையை எப்படி ஏற்றுவது? இன்னொரு இழப்பும் உண்டு, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. வீட்டில் முலோகியா பெண்ணின் கையில் இருந்தது. உணவகத்துக்கு வந்தபோது அடுப்பும் பெயரும் பெரும்பாலும் ஆண்களுக்குப் போயின. தாயிடம் கற்றேன் என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் பத்திரிகைகளில் படம் வருவது மகனுக்கு. இந்தக் குறையை என் வாதத்தால் சரிக்கட்ட முடியாது.

ஆயினும் இந்த இடங்கள் எகிப்தில் இல்லாத ஒன்றை உருவாக்கின என்பதை இரண்டு செய்திகளை அருகருகே வைத்தால் விளங்கிக்கொள்ளலாம். முதலாவது, காப்டிக் கிறிஸ்தவர்கள் ஆண்டில் 200 நாளுக்கு மேல் விரதம் இருப்பவர்கள். அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. ஃபூலும் தாமியாவும் நெய் சேராத கோஷாரியும் அவர்களுக்கு விரத உணவு, முஸ்லிம்களுக்கு அன்றாட உணவு. பெயரும் பானையும் ஒன்றே. நியூயார்க் வட்டாரத்தில் காப்டிக் குடியேறிகள் ஜெர்சி சிட்டியிலும், முஸ்லிம்கள் ஸ்டெய்ன்வேயைச் சுற்றியும் திரண்டார்கள். இருவருக்கும் பொதுவாக எஞ்சிய இடங்களில் இந்த மேசை முக்கியமானது. இரண்டாவது செய்தி இதற்கு நேர் எதிரானது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் காவல்துறை 'மக்கள்தொகைப் பிரிவு' என்றொரு உளவுப் பிரிவை நடத்தியதை 2011-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். அதற்கு 2012-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. சாதாரண உடையில் காவலர்கள் தேநீர்க் கடைகளிலும் உணவகங்களிலும் போய் உட்கார்ந்தார்கள். உரிமையாளர் எந்த நாட்டவர், வருகிறவர்கள் யார், என்ன பேசுகிறார்கள் என்று குறித்துவைத்தார்கள். எகிப்தியர்களுக்கென்றே தனியாக ஓர் அறிக்கை தயாரானது. அது காப்டிக் கிறிஸ்தவர்களைப் பற்றியது அல்ல என்று அந்த அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். தட்டில் பிரியாமல் இருந்ததைக் கோப்பு பிரித்தது. ஆண்டுக்கணக்கில் நடந்த இந்தக் கண்காணிப்பிலிருந்து ஒரு பயங்கரவாத விசாரணைக்கான துப்புகூடக் கிடைக்கவில்லை என்பதை உளவுப் பிரிவின் உயர் அதிகாரியே 2012-இல் சத்தியப் பிரமாணத்தின் கீழ் ஒப்புக்கொண்டார். 2014-இல் பிரிவு கலைக்கப்பட்டது.

இந்தக் கொடுமை என் வாதத்துக்கு எப்படிச் சான்றாகிறது என்று கேட்கலாம். காவலர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் நுழைய நீதிமன்ற ஆணை வேண்டும். தெருவில் மக்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். வீட்டில் பேசுவதைப் போலப் பேசிக்கொண்டே, கதவையும் யாவர்க்கும் திறந்து வைத்திருந்த இடங்கள் இந்தச் சிறு கடைகளே. வீடாகவும் தெருவாகவும் ஒரே சமயத்தில் இருந்ததால்தான் அவை உளவுக்கு எளிதாக இலக்காயின. அசலா போலியா என்று தீர்ப்பளிக்க வந்து உட்காரும் விமரிசகரைக் காவலரோடு சமப்படுத்துவது அநியாயம். ஒருவர் நாக்கோடு வருகிறார், மற்றவர் அதிகாரத்தோடு வந்தார். இருந்தாலும் எதிரில் இருப்பவரைச் சரிபார்க்க வேண்டிய ஒரு பொருளாக நடத்தும் பழக்கத்தில் இருவருக்கும் சிறு உறவு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கதவைத் திறந்து வைப்பதற்கு அந்தத் தெரு என்ன விலை கொடுத்தது என்பதை அறிந்தவர்கள் ஃபூலில் சீரகம் குறைவு என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகவே சொல்வார்கள்.

இப்படிப்பட்ட சிற்றுணவகங்களில் அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே சுவர் வைக்க இடம் இருப்பதில்லை. நெய்யில் பூண்டு சிவக்கும் மணம் முதலில் வரும். கொத்தமல்லித் தூள் விழும். வாணலி சட்டியின் மேல் கவிழும்போது சீறும் ஓசை, கெய்ரோ வீட்டில் அடுத்த அறையில் காத்திருக்கும் உறவினர்களுக்கு மட்டும் கேட்பது, இங்கே உட்கார்ந்திருக்கும் கொரியருக்கும் கிரேக்கருக்கும் ஜெர்சி சிட்டியிலிருந்து வந்த காப்டிக் குடும்பத்துக்கும் ஒன்றாகக் கேட்கிறது. சமைப்பவர் ஆணாக இருந்தாலும், தாய் சொல்லிக்கொடுத்தபடி அந்தக் கணத்தில் அவரும் மூச்சைச் சட்டென்று உள்ளிழுத்தாக வேண்டும்.